பதினைந்து கிலோவுக்குள் இமயம்

அரூர்

மாசி பிறந்தால் அரூர் வட்டாரத்துத் தெருக்களில் புளி வாசம்தான். மரங்களைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் உலுக்கிக் கொண்டுவந்து கொட்டும் புளியை, பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டை தட்டுவார்கள். கூலி கிலோக் கணக்கில். அதனால் வீட்டுக்கு வீடு தராசு உண்டு. கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடும் பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

2024 பிப்ரவரியில் என் அக்கா வீட்டுத் தூக்குத் தராசில் ஆளுயரக் கறுப்புப் பை ஒன்று தொங்கியது. அக்கா மகள் ஜெர்மனியின் மூனிக் நகரத்தில் பொறியாளர். அங்கிருந்து ரயிலேறினால் ஒன்றரை மணி நேரத்தில் ஆல்ப்ஸ் மலையடிவாரம் வந்துவிடும். வேலைக்குப் போன புதிதில் உடன் வேலை பார்ப்பவர்களோடு பனிச்சறுக்குப் பழகப் போனவள், பிறகு சொந்தமாகவே ஒரு ஜோடி ஸ்கீ வாங்கிவிட்டாள். நம் நாட்டு இமயத்திலும் ஒருமுறை சறுக்கிவிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. காஷ்மீரின் குல்மார்க்குக்குப் போவதென்று முடிவாயிற்று. துணைக்குத் தாய்மாமன் நான்.

தெருப் பிள்ளைகள் பையைச் சுற்றி நின்றார்கள். வில்லா, ஏணியா, மீன் பிடிக்கிற தூண்டிலா என்று ஆளுக்கொரு கேள்வி. அவள் ஜிப்பைத் திறந்து ஸ்கீயை வெளியே எடுத்துக் காட்டினாள். நுனி வளைந்த இரண்டு நீளப் பலகைகள், நடுவில் பூட்ஸைக் கவ்விப் பிடிக்கும் இரும்புப் பிடி. அதை அவர்கள் ‘பைண்டிங்’ என்கிறார்கள். விழுந்தால் கால் முறியாமல் இருக்க, அழுத்தம் ஓர் அளவைத் தாண்டியதும் அது தானாகக் காலை விட்டுவிடும். பிடியோடு சேர்த்துப் பலகைகள் ஆறரை கிலோ. ஊன்றுகோல்கள் அரை கிலோவுக்குச் சற்றுக் கூட. இடுக்குகளில் கம்பளி உடைகளைத் திணித்திருந்தாள். பலகைக்கு அடிபடாது, துணிக்குத் தனிப் பெட்டியும் வேண்டாம். மொத்தம் பன்னிரண்டு கிலோவை முள் தொட்டது. பூட்ஸுக்குத் தனிப் பை. அந்த ஜோடி மட்டுமே நாலு கிலோ.

மூனிக்கிலிருந்து பெங்களூரு வரை இந்தப் பையால் அவளுக்கு ஒரு தொல்லையும் இல்லை. அவள் வாங்கிய வெளிநாட்டு டிக்கெட்டில் 23 கிலோ வீதம் இரண்டு உருப்படி கொண்டுவரலாம். ஸ்கீ பை அதில் ஓர் உருப்படி, அவ்வளவுதான். பல வெளிநாட்டு நிறுவனங்கள் ஸ்கீ பையையும் பூட்ஸ் பையையும் சேர்த்தே ஒன்றாகக் கணக்கிடுகின்றன. மூனிக்கில் தொடங்கி ஸ்ரீநகரில் முடிகிற ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால், பெரும்பாலும் அதே சலுகை கடைசிவரை செல்லும். ஆனால் அரூருக்கு வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டால் அது வேறு பயணம், வேறு டிக்கெட். உள்நாட்டு விமானத்தில் ஆளுக்குப் 15 கிலோ, கையில் 7 கிலோ. அதே பை, அதே ஆள், வானம் மட்டும் மாறியதும் சட்டம் மாறிவிடுகிறது. வீட்டுக்கு வந்துபோக ஆசைப்படும் எந்தப் பிள்ளையும் இந்த இடத்தில்தான் மாட்டுகிறது.

எங்கள் இருவருக்கும் ஒரே பதிவு என்பதால் 30 கிலோவைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தோம். இதற்கிடையில் அக்கா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். புதுப் புளி இரண்டு கிலோ, கேழ்வரகு மாவு, சித்தேரி மலையிலிருந்து வந்த சாமை அரிசி, பருப்புப் பொடி, கடலை உருண்டை.

“அம்மா, எடை கூடினா கிலோவுக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல கேப்பாங்கம்மா.”

“புளியே கிலோ நூத்தம்பது தாண்டல. அதைத் தூக்கிட்டுப் போறதுக்கு ஐந்நூறா? எந்த ஊரு நியாயம் பாப்பா இது?”

அக்கா கேட்ட கேள்வியை நாட்டின் நீதிமன்றமும் ஒருமுறை விசாரித்திருக்கிறது. 15 கிலோவுக்கு மேல் 20 கிலோ வரைக்கும் கிலோவுக்கு 100 ரூபாய்தான் வாங்கலாம் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2016-ல் உத்தரவிட்டது. விமான நிறுவனங்கள் வழக்குக்குப் போயின. 2017-ல் தில்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. அதன் பிறகு விலை வைப்பது அவரவர் விருப்பம்.

சாமையும் மாவில் பாதியும் நின்றன. புளி மட்டும் பிடிவாதமாகப் பையில் ஏறியது. அது நல்லதாகப் போயிற்று என்பதைக் குல்மார்க் அடிவாரத்துத் தங்மார்க்கில் தெரிந்துகொண்டேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர்

அரசுப் பேருந்தின் பின்பக்கப் பெட்டியில் பை குறுக்காகத்தான் நுழைந்தது. நடத்துனர் சுற்றிவந்து பார்த்தார். “இன்னாம்மா இது, இவ்ளோ நீட்டு?” என்றவர், பனியில் சறுக்குகிற பலகை என்றதும் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு, கீழே விழுந்தால் எப்படி எழுந்திருப்பது என்று அக்கறையோடு விசாரித்தார். லக்கேஜ் டிக்கெட் போட்டுக் கொடுத்ததோடு, தருமபுரி நிறுத்தத்தில் இறங்கி, பை பத்திரமாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டும் வந்தார்.

காவேரிப்பட்டணம் தாண்டும்போது சாலையின் இருபுறமும் மாமரங்கள் பூத்து நின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்து மா அது. இங்கே கூழாகிப் பீப்பாய்களில் அடைபட்டுக் கப்பலேறி வெளிநாடு போகும். சூளகிரியின் மொட்டைப் பாறைகள் வெயிலில் வெந்துகொண்டிருந்தன. சன்னலோரம் கை வைக்க முடியவில்லை. அக்கா மகள் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். மடியில் நாலு கிலோ பூட்ஸ்.

தேவனஹள்ளி

பெங்களூரு விமான நிலையத்தில் எங்களுக்கு முன்னால் நின்றது ஒரு பெரிய குடும்பம். பெட்டிகளைத் தரையில் திறந்துபோட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் புடவையும் ஊறுகாய்ப் பாட்டிலும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். பாட்டி ஒருவர் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எந்த விமான நிலையத்தில் நின்றாலும் இந்தக் காட்சி கண்ணில் படும். பணம் கட்டித் தீர்த்துவிடுகிறவர்கள் குறைவு. பொருளைக் கைவிட மனமில்லாமல் தவிக்கிறவர்கள்தான் அதிகம்.

எங்கள் முறை வந்தது. எடை 30-ஐத் தாண்டவில்லை. ஆனாலும் பை நீளம். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலான வழக்கம். ஸ்கீ பையோ நீளத்திலேயே அதைத் தாண்டிவிடும். சாதாரணப் பட்டையில் அது போகாது, அளவு மீறிய சாமான்களுக்கான தனி வாசலில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். விளையாட்டுப் பொருள் என்ற பெயரில் தனிக் கட்டணமும் உண்டு. அது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. புறப்படுவதற்கு முன்பே கட்டிவிட்டால் குறைவு, கவுன்டரில் நின்று கட்டினால் கூடுதல். அவள் முன்பே கட்டியிருந்ததால் சீட்டைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள்.

கனமான மேல்சட்டையை அவள் போட்டுக்கொண்டாள். உடுத்திய உடைக்கு எடை கிடையாது. பூட்ஸும் ஹெல்மெட்டும் கைப்பையாக மேலே வந்தன. இதற்குக் காரணம் செலவு மட்டும் கிடையாது. பை தொலைந்தால் பலகையை எங்கும் வாடகைக்கு எடுக்கலாம். காலுக்குப் பொருந்திய பூட்ஸ் கிடைக்காது. பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிறு கருவி ஒன்றும் வைத்திருந்தாள். அதன் உபரி பேட்டரிகளைக் கையில் எடுத்துக்கொண்டாள். லித்தியம் பேட்டரிகளைத் தனியாகப் பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது.

தனி வாசலில் பையை வாங்கிக்கொண்ட தொழிலாளி வடகர்நாடகத்துக்காரர். பன்னிரண்டு கிலோ என்றதும் சிரித்தார். இதே நீளத்தில் முப்பது கிலோப் பைகளும் வருமாம். ஒரே உருப்படி 32 கிலோவைத் தாண்டக் கூடாது என்று உலகம் முழுக்க வைத்திருக்கும் வரம்பு இவர் போன்றவர்களின் முதுகெலும்புக்காக வைத்தது. அந்த விதியை மட்டும் நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

ஸ்ரீநகர்

விமானத்திலிருந்து இறங்கியதும் முகத்தில் அறைந்த குளிரை எழுதிக் காட்டுவது கடினம். எங்கள் ஊர் மார்கழிக் குளிரை வைத்து இதை நினைத்துப் பார்க்கக்கூட முடியாது. காஷ்மீரிகள் குளிர்காலத்தைப் பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் ‘சில்லை கலான்’, கொடுங்குளிர். அதற்கடுத்த இருபது நாள் ‘சில்லை குர்த்’. கடைசிப் பத்து நாள் ‘சில்லை பச்சா’, குளிரின் குழந்தை. நாங்கள் போனது நடுப் பங்கு முடிகிற நேரம்.

அந்த ஆண்டு கொடுங்குளிர் காலம் பொய்த்துவிட்டிருந்தது. ஜனவரியில் குல்மார்க் புல்வெளி வறண்டு பழுப்பாகக் கிடந்த படங்கள் பத்திரிகைகளில் வந்திருந்தன. பிப்ரவரித் தொடக்கத்தில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைத் தள்ளிவைத்தார்கள். மாதக் கடைசியில்தான் நடத்த முடிந்தது. எங்களை ஏற்றிவந்த ஓட்டுநர் வழியெல்லாம் அந்த ஜனவரியைப் பற்றியே பேசினார். “பனி விழலேன்னா எங்களுக்குச் சம்பளம் விழல சார்” என்ற பொருளில் அவர் இந்தியில் சொன்னபோது, வாணியாறு வறண்ட ஆண்டுகளில் எங்கள் ஊர் உழவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முகம் நினைவுக்கு வந்தது. வடக்கிலும் தெற்கிலும் கவலை ஒன்றுதான். மேலிருந்து வருவது நேரத்துக்கு வர வேண்டும்.

காலையில் ரொட்டிக்கடை. காண்டுர் என்று அழைக்கப்படும் ரொட்டிக்காரர் தரையில் பதித்த அடுப்புக்குள் கையை விட்டு, கிர்தா ரொட்டிகளை எடுத்து அடுக்குகிறார். தெருவே அங்குதான் கூடுகிறது. கூடவே நூன் சாய். உப்புப் போட்ட இளஞ்சிவப்புத் தேநீர். முதல் மடக்கில் நாக்கு மறுத்தது. இரண்டாவது கோப்பையை நானே கேட்டு வாங்கினேன். உடம்புக்கு உப்பும் கொழுப்பும் வேண்டியிருக்கிற குளிர் அது. கம்பங்கூழில் உப்புப் போட்டு மோர் ஊற்றிக் குடிக்கிற ஊர்க்காரனுக்கு இது பழகாமல் போகாது.

தங்மார்க்

ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் ஐம்பது கிலோமீட்டர். மாகம் தாண்டியதும் சாலை ஏறத் தொடங்குகிறது. கடைசிப் பதின்மூன்று கிலோமீட்டர் ஏற்றத்துக்கு முன்னால் இருக்கிற சிற்றூர் தங்மார்க். பனி நாட்களில் இதற்கு மேல் சக்கரத்தில் சங்கிலி கட்டாமல் வண்டி ஏறாது. நாங்கள் இங்கேயே ஒரு வீட்டில் தங்கி, காலையில் பங்கு வண்டியில் மேலே போய், இருட்டுவதற்குள் இறங்கிவிடுவது என்று வைத்துக்கொண்டோம்.

வீட்டுக்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். முழங்காலுக்குக் கீழ்வரை தொங்கும் ஃபெரன் என்ற கம்பளி அங்கி. அதற்குள்ளே காங்கிரி. மண்சட்டியில் கரித்தணல், சுற்றிப் பிரம்புக் கூடை. நெருப்பை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அவர் வேலை செய்வதைப் பார்த்து எனக்குத்தான் பதற்றம். பிறந்ததிலிருந்து பழக்கம் என்றார். அக்கா மகளை “பேட்டி” என்றும் என்னை “பாய் சாப்” என்றும் கூப்பிட்டார். எங்களை அவர் ஒரு நாளும் வாடகைக்காரர்களாக நடத்தவில்லை.

முதல் நாள் இரவே புளியை எடுத்து அவரிடம் கொடுத்தோம். முகர்ந்து பார்த்தார், ஒரு சுளையைக் கிள்ளி வாயில் போட்டார். முகம் மலர்ந்தது. காஷ்மீரில் புளி விளைவதில்லை. ஆனால் அவர்கள் சமையலில் புளிக்கு ஓர் இடம் இருக்கிறது. ‘ட்சோக் வாங்குன்’ என்று கத்தரிக்காய்க் குழம்பு. நீளவாக்கில் பிளந்த கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கி, சோம்புப் பொடி, சுக்குப் பொடி, காஷ்மீரி மிளகாய்ப் பொடி சேர்த்து, புளிக்கரைசல் ஊற்றிக் கொதிக்கவிடுவார்கள். மறுநாள் இரவு அரூர்ப் புளியில் அந்தக் குழம்பு செய்தார். கூடவே சோறு. இவர்களும் பகலிலும் இரவிலும் சோற்றைத் தேடுகிறவர்கள் என்பது வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். தட்டில் சோற்றைக் குவித்து, குழம்பை ஊற்றி, கையால் பிசைந்து சாப்பிட்டோம். எங்கள் வீட்டு எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு மிக அருகில், ஆனால் சோம்பும் சுக்கும் முன்னால் நின்றன. அக்கா மகள் அங்கேயே ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் கொடுத்தாள். இரண்டு பெண்களும் தத்தம் மொழியில் நெடுநேரம் பேசிக்கொண்டார்கள். எந்தக் கட்டணப் பட்டியலிலும் அந்த இரண்டு கிலோவுக்கு விலை போட முடியாது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு சரிவு. பள்ளி விடுமுறையில் இருந்த சிறுவர்கள் அங்கே பலகைத் துண்டுகளின் நுனியைச் செதுக்கி, ரப்பர் பூட்ஸோடு கயிற்றால் கட்டிக்கொண்டு சறுக்கினார்கள். ஊன்றுகோலுக்குக் காட்டுக் குச்சி. அவர்களுடைய லாகவத்தைப் பார்த்துவிட்டு அக்கா மகள் தன் ஸ்கீயை எடுக்காமலேயே வெகுநேரம் நின்றாள்.

இந்தத் தங்மார்க் பக்கத்துக்காரர்தான் ஆரிஃப் கான். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா சார்பில் போன ஒரே வீரர். நட்ட கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து சறுக்கும் ஜயன்ட் ஸ்லாலம் போட்டியில் 45-வது இடம். அவருடைய தந்தை குல்மார்க்கில் ஸ்கீ கடை நடத்தியவர். பந்தயக்காரர்களுக்கு ஒரு ஜோடி ஸ்கீ போதாது. ஸ்லாலத்துக்குக் குட்டையானது, ஜயன்ட் ஸ்லாலத்துக்கு நீளமானது, பயிற்சிக்கு வேறு. ஒலிம்பிக் தகுதிப் புள்ளிகளுக்காக நாடு நாடாகப் போய்ப் போட்டியிட வேண்டும். அத்தனை பைகளும் அத்தனை விமானங்களிலும் கூடவே போக வேண்டும். பன்னிரண்டு கிலோவுக்கே நாங்கள் இவ்வளவு கணக்குப் போட்டதை நினைத்தபோது, ஓர் இந்தியப் பனிச்சறுக்கு வீரர் பந்தயத்தில் நிற்பதற்கு முன்பே எத்தனை மலை தாண்டுகிறார் என்பது விளங்கியது.

குல்மார்க்

ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் கிண்ணம் போலக் குழிந்த புல்வெளி. நாங்கள் போனபோது புல்லின் சுவடே இல்லை. தேவதாருக்களின் கிளைகள் பனியின் எடையில் தாழ்ந்திருந்தன. புல்வெளியின் நடுமேட்டில் சிவப்புக் கூரையோடு மகாராணி கோயில் என்கிற சிவன் கோயில். தோக்ரா அரசியார் 1915-ல் கட்டியது. படி முழுக்கப் பனி. உள்ளே ஒரு சிறு விளக்கு. தீர்த்தமலையின் வெயிற்படிகளில் ஏறிப் பழகிய காலோடு அந்தப் படிகளில் ஏறினேன். அதே ஆண்டு ஜூனில் அந்தக் கோயில் தீப்பற்றி எரிந்துபோன செய்தியை ஊரில் படித்தபோது மனம் மிகவும் கனத்தது.

தேநீர்க் கடையில் எங்கள் பேச்சைக் கேட்டு ஒருவர் திரும்பினார். “தமிழா?” திருப்பத்தூர்ப் பக்கத்து ராணுவ வீரர். 1948 முதல் இங்கே இயங்கும் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப்பள்ளிக்குப் பயிற்சிக்கு வந்திருந்தார். ராணுவத்தில் சேரும்வரை ஏலகிரிதான் அவர் பார்த்த குளிர். இப்போது ஸ்கீயும் துப்பாக்கியுமாக மலையேறுகிறார். எங்கள் பை புராணத்தைக் கேட்டுவிட்டு, “எங்களுக்கு அந்தக் கவலையே இல்லண்ணா. கறுப்பு டிரங்க் பெட்டி, படுக்கைச் சுருள், ரயிலு” என்றார். தூங்கும் வசதி வகுப்பில் ஆளுக்கு 40 கிலோ இலவசம். குளிர்சாதன இரண்டடுக்கில் 50 கிலோ. விமானம் தருவதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அக்கா கட்டிக்கொடுத்த பலகாரத்தை அவரோடு பகிர்ந்துகொண்டோம். கடலை உருண்டையை வாயில் போட்டவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஸ்கீ கடைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைக்குள் நுழைந்தால் சுவர் நெடுக ஸ்கீக்கள், உலகத்தின் எல்லா நிறத்திலும். அக்கா மகள் கொண்டுவந்ததைக் கடைக்காரர் கையில் வாங்கி, நடுப்பகுதியை விரலால் அளந்தார். தலையாட்டினார். அது ஆல்ப்ஸுக்கு ஏற்ற பலகை. அங்கே இயந்திரம் வைத்து அழுத்திச் சமன்செய்த பாதையில் சறுக்குவார்கள். அதற்கு இடுப்பு ஒடுங்கிய ஸ்கீ நன்றாக வளையும். குல்மார்க்கின் பெருமையோ யாரும் தொடாத தளர்பனி. அதில் ஒடுங்கிய பலகை அமிழும். நடுவே பத்து சென்டிமீட்டருக்கு மேல் அகலம் இருந்தால்தான் மிதக்கும். அவர் அகலமான ஒரு ஜோடியை எடுத்து, அவளுடைய பூட்ஸை வைத்து, ஒரு திருப்புளியால் பைண்டிங்கை முன்னும் பின்னும் நகர்த்தினார். எடையும் உயரமும் கேட்டு, பிடியின் இறுக்கத்தையும் அமைத்தார். சில நிமிடங்களில் வேலை முடிந்தது. பலகை, ஊன்றுகோல் இரண்டுக்கும் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கீழே.

வெளிநாட்டுச் சரக்கு இவ்வளவு எப்படி வந்தது என்று கேட்டேன். பாதிக்கு மேல் பயணிகள் விட்டுப்போனது என்றார். வரும்போது ஆசையோடு சுமந்து வருகிறார்கள். திரும்பும்போது அடுத்த ஊருக்கு இன்னொரு விமானம், இன்னொரு கட்டணம் என்று பார்த்து, கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பலகைகளில்தான் தங்மார்க் பிள்ளைகள் அடுத்த பருவத்தில் பழகுகிறார்கள்.

கொங்டூரி, அஃபர்வத்

கொண்டோலா என்கிற கம்பிவட வண்டி இரண்டு கட்டமாக ஏறுகிறது. 1998-ல் வந்த முதல் கட்டம் கொங்டூரியில் விடும். 2005-ல் வந்த இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலைமுகட்டுக்கு அருகே, ஏறத்தாழ 3,980 மீட்டரில் இறக்கிவிடும். நான் கொங்டூரியோடு நின்றுகொண்டேன். அக்கா மகள் வழிகாட்டியோடு மேலே போனாள்.

அங்கே என்னோடு உட்கார்ந்திருந்த முதிய பயிற்சியாளர் ஒருவர் பழைய கதை சொன்னார். பிரிட்டிஷ்காரர்கள் 1927-ல் இங்கே ஸ்கீ கிளப் தொடங்கினார்கள். அவர்கள் பலகையை உள்ளூர்க் கூலியாட்கள்தான் தோளில் சுமந்தார்கள். இவர் பழகிய காலத்திலும் கொண்டோலா இல்லை. விடியலில் பலகையைத் தோளில் போட்டு ஏறத் தொடங்கினால், வெயில் உச்சிக்கு வரும்போது மேலே போய்ச் சேர்வார்கள். ஒருமுறை சறுக்கி இறங்கினால் நாள் முடிந்தது. “அந்த ஒரு இறக்கத்தில் ஒரு திருப்பத்தைக்கூட வீணாக்க மாட்டோம்” என்றார். பேசிக்கொண்டே சரிவை அளந்துகொண்டிருந்தன அவர் கண்கள். எந்த மடிப்பில் பனி நிலைகொள்ளாமல் இருக்கிறது என்று அவர் கை நீட்டிக் காட்டினார். எனக்கு எல்லாம் வெள்ளையாகத்தான் தெரிந்தது. அந்த மாதமே, 22-ஆம் தேதி, அந்த மலையில் நேர்ந்த பனிச்சரிவில் ரஷ்யச் சறுக்கு வீரர் ஒருவர் உயிரிழந்தார். வழிகாட்டி இல்லாமல் பாதைக்கு வெளியே போகக் கூடாது என்று அந்தப் பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொன்னது வெறும் எச்சரிக்கைப் பேச்சு கிடையாது.

மேலிருந்து ஒரு புள்ளி இறங்கி வந்தது. பின்னால் பனிப்புகை. நெருங்க நெருங்க அவளாயிற்று. முகமூடியைக் கழற்றிய முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சியை, அவள் பத்தாம் வகுப்பில் பள்ளி முதலிடம் வாங்கிய அன்றுகூட நான் பார்த்ததில்லை. “மாமா, சத்தமே இல்ல மாமா. பலகைக்குக் கீழ ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு.” அவளுடைய சொந்த ஸ்கீ அந்த நேரம் தங்மார்க் வீட்டில், புளிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தது.

திரும்பும் வழி

புறப்படுவதற்கு முந்தின நாள் அவள் ஸ்கீயைக் கடைக்காரரிடமே விற்றுவிட்டாள். புதுவிலையோடு ஒப்பிட்டால் சிறு தொகைதான். ஆனால் தங்மார்க்கில் நின்று பார்த்த அந்தச் சிறுவர்களைப் பற்றிக் கடைக்காரரிடம் அவள் சொன்னாள். கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஒடுங்கிய பலகைதான் நல்லது, கொடுக்கிறேன் என்றார் அவர். பூட்ஸை மட்டும் வைத்துக்கொண்டாள்.

காலியான எடையில் வீட்டுக்காரம்மா வாதுமைக் கொட்டைகளையும், கோடையில் வெட்டி உலர்த்திய தக்காளி, சுரைக்காய் வற்றலையும் கட்டிக்கொடுத்தார். குளிர்காலத்தில் மலைப்பாதை அடைபட்டால் காஷ்மீர் வீடுகளைக் காப்பாற்றுவது அந்த வற்றல்கள்தாம். ஸ்ரீநகர் விமான நிலையத்துக்கு நெடுந்தூரம் முன்பே வண்டியிலிருந்து எல்லாப் பொருள்களையும் இறக்கிச் சோதிக்கிறார்கள். பெட்டியை ஒப்படைத்த பிறகும், இது என்னுடையது என்று பயணி நேரில் அடையாளம் காட்ட வேண்டியிருந்தது. நீளப் பை இல்லாததால் அது சீக்கிரம் முடிந்தது.

இப்போது நிலைமை இன்னும் மாறியிருக்கிறது. 2025 ஜூன் 6-ஆம் தேதி கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயில் தொடங்கிவிட்டது. கன்னியாகுமரியில் புறப்பட்டு சேலம் வழியாகப் போகும் வாராந்தர ஹிம்சாகர் விரைவு ரயில் கட்ரா வரை செல்கிறது. மூன்று நாள் ஆகும். நாள் இருக்கிறவர்களுக்கு 40 கிலோ இலவசம், நாட்டின் முழு நீளத்தையும் சன்னலில் பார்க்கும் வாய்ப்பு வேறு.

விமானத்தில்தான் போக முடியும் என்கிறவர்கள் பூட்ஸை வாங்குங்கள், அதைக் கையில் கொண்டுபோங்கள். பலகையை வாங்காதீர்கள். அதைக் குல்மார்க்கில் வாடகைக்கு எடுப்பதே மலிவு, அந்த மலைக்கும் அதுவே பொருத்தம். இதுவரை பனியையே பார்க்காத பிள்ளைகளுக்கு பூட்ஸ்கூட வேண்டாம். 1968 முதல் குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனம் நடந்துவருகிறது. அங்கே இரண்டு வாரப் பயிற்சிக்குக் கட்டும் பணத்திலேயே தங்குமிடம், சாப்பாடு, பலகை, பூட்ஸ் எல்லாம் அடக்கம். தருமபுரி, சேலம் கல்லூரிகளில் படிக்கிற பிள்ளைகள் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். அவர்களை ஆசிரியர்கள் அனுப்பிவைக்க வேண்டும்.